பெட்டி பிரிக்காத துப்பாக்கிகள்: அமெரிக்க நினைவு வெளியீடுகளும் அவற்றின் சேகரிப்பு மதிப்பும்

ஒரு மாநிலத்தின் நூற்றாண்டையோ, ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவையோ, ஒரு போர்க்களத்தையோ, மறைந்த ஒரு திரைப்பட நடிகரையோ போற்றும் பொருட்டு, வழக்கமான மாதிரி ஒன்றின்மேல் முலாமும் பதக்கமும் பொறிப்பெழுத்தும் சேர்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தொழிற்சாலையே தயாரித்து விற்ற துப்பாக்கியை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் நினைவுத் துப்பாக்கி என்று வழங்குகின்றனர். 1960-களின் தொடக்கத்தில் சில நூறு, சில ஆயிரம் என்ற அளவில் தொடங்கிய இவ்வழக்கம், பத்தாண்டுக்குள் லட்சக்கணக்கான துப்பாக்கிகளை அமெரிக்க வீடுகளின் அலமாரிகளில் கொண்டு சேர்த்தது. அவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காக வாங்கவில்லை. பிற்காலத்தில் பன்மடங்கு விலை பெறும் என்ற நம்பிக்கையில் வாங்கினர். அந்த நம்பிக்கை எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்பதைக் கணக்கிட வேண்டிய தேவையிலிருந்துதான் நினைவுத் துப்பாக்கிகளை மதிப்பிடும் தனித் துறை ஒன்று வளர்ந்தது.

அத்துறையின் முதற்பாடம், மேலோட்டமான பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் மூவகைத் துப்பாக்கிகளைப் பிரித்தறிவதாகும். வரலாற்று நிகழ்ச்சி ஒன்றில் உண்மையாகவே பயன்பட்ட துப்பாக்கி முதல் வகை. புகழ்பெற்ற ஒருவருக்கு இன்னொருவர் அன்பளிப்பாக வழங்கிய பரிசுத் துப்பாக்கி இரண்டாம் வகை. நிகழ்ச்சி முடிந்து பல்லாண்டுகளுக்குப் பிறகு, அதன் பெயரைத் தாங்கித் தொழிற்சாலையில் பிறந்த நினைவுத் துப்பாக்கி மூன்றாம் வகை. முதலிரண்டின் மதிப்பு அவை கடந்துவந்த கைகளிலிருந்து பிறப்பது. மூன்றாவதன் மதிப்பு தயாரித்தவரின் அறிவிப்பிலிருந்து தொடங்குவது. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் வாங்கும்போதும் ஏமாந்தனர், விற்கும்போதும் ஏமாந்தனர்.

பரிசுத் துப்பாக்கி மரபு மிகப் பழையது. பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட், அமெரிக்க விடுதலைப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அளித்த ஒரு ஜோடிச் சேணக் கைத்துப்பாக்கிகள், அதாவது குதிரைச் சேணத்தின் உறையில் செருகிக்கொள்ளும் பிஸ்டல்கள், பின்னர் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் கைக்குச் சென்று, 2002-இல் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு விலை போயின. ரிவால்வரைப் பெருமளவில் தயாரித்துப் புகழ்பெற்ற சாமுவேல் கோல்ட், 1850-களின் நடுவில் ரஷ்யப் பேரரசருக்கும் உதுமானியச் சுல்தானுக்கும் தங்கம் பதித்த ரிவால்வர்களைக் காணிக்கையாக்கினார். அழகிய துப்பாக்கி ஒன்று அரசவைக்குள் நுழைந்தால் ஆயிரம் சாதாரணத் துப்பாக்கிகளுக்கான ஆணை பின்னாலேயே வரும் என்ற வணிகக் கணக்கு அந்தக் காணிக்கைக்குள் இருந்தது. எனினும் அவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மனிதருக்காகச் செதுக்குக் கலைஞர் ஒருவரின் கையால் உருவானவை என்பதால், பிற்காலத்துத் தொழிற்சாலை வெளியீடுகளோடு அவற்றை ஒப்பிட இயலாது.

நினைவுத் துப்பாக்கிக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி, கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் இயங்கிய வின்செஸ்டர் நிறுவனம் 1875-இல் தன் விலைப்பட்டியலில் அறிவித்த ‘ஆயிரத்தில் ஒன்று’ என்ற தனிச்சிறப்பு வரிசையாகும். சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தனியே எடுத்து, நேர்த்தியான மெருகோடு முழுமைப்படுத்தி, குழலின்மேல் அப்பெயரைப் பொறித்து, 100 டாலர் விலையில் அந்நிறுவனம் விற்றது. 7 லட்சத்துக்கும் மேல் தயாரான 1873-ஆம் ஆண்டு மாதிரியில் இந்தச் சிறப்புப் பெயரைத் தாங்கியவை சுமார் 130 மட்டுமே. வாங்கியவர்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. மாட்டுப் பண்ணைகளிலும் வேட்டைக் காடுகளிலும் பயன்படுத்தினர், சிலர் தொலைத்தனர், சிலர் உடைத்தனர். 1950-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் ’73’ திரைப்படத்தை வெளியிட்ட யுனிவர்சல் நிறுவனம், எஞ்சியிருக்கும் ‘ஆயிரத்தில் ஒன்று’ துப்பாக்கிகளைத் தேடி நாடெங்கும் விளம்பரம் செய்தபோது, உரிமையாளர்களே சிறப்பறியாமல் வைத்திருந்த பல துப்பாக்கிகள் வெளிவந்தன. தொழிற்சாலையின் ஒரு பொறிப்பெழுத்து ஒரு துப்பாக்கியின் விலையைப் பல மடங்காக்கும் என்பதை அமெரிக்கப் பொதுமக்கள் முதன்முறையாகப் பரவலாக அறிந்துகொண்டது அந்தத் தேடலின்போதுதான். ஆனால் அவ்விலைக்கு அடிப்படை பொறிப்பெழுத்து மட்டுமன்று, எழுபத்தைந்து ஆண்டுக்காலப் பயன்பாடும் இழப்பும் அவற்றைச் சலித்தெடுத்திருந்தன என்பதும்தான் என்ற மறுபாதி உண்மை அப்போது கவனிக்கப்படவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கா இந்தப் பாதிக் கவனத்துக்கு ஏற்ற நிலமாக அமைந்தது. தொலைக்காட்சியில் மேற்கத்திய மாட்டிடையர் கதைகள் இரவுதோறும் ஓடின. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-இல் தொடங்கியது. பல மாநிலங்கள் தத்தம் நூற்றாண்டு விழாக்களைக் கொண்டாடின. கையில் பணம் புழங்கிய நடுத்தர வர்க்கம் நாணயம், அஞ்சல்தலை, பழைய ஆயுதம் எனச் சேகரிப்பில் இறங்கியிருந்தது. ஹார்ட்ஃபோர்ட் நகரின் கோல்ட் நிறுவனத்துக்கு 1961 ஓர் இயல்பான வாய்ப்பாகவும் வந்தது; 1836-இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்கக் காப்புரிமை பெற்றதிலிருந்து 125 ஆண்டுகள் அவ்வாண்டில் நிறைவுற்றன. அதைக் குறித்து வெளியான ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ ரிவால்வர், அதாவது ஒவ்வொரு முறையும் கையால் சுத்தியலைப் பின்னிழுத்துச் சுட வேண்டிய பழைய மாட்டிடையர் மாதிரி, ஏழாயிரத்துக்கும் மேல் தயாரானது. அதே ஆண்டில் கான்சஸ் மாநிலம் உருவானதன் நூற்றாண்டுக்கு 6,201 சிறிய ரிவால்வர்களும், குதிரை அஞ்சல் சேவையின் நூற்றாண்டுக்கு 1,007 ரிவால்வர்களும் வெளிவந்தன. இவற்றினும் சிறியது, இல்லினாய் மாநிலத்து ஜெனிசியோ என்ற சிற்றூரின் 125-ஆம் ஆண்டுக்காகச் செய்யப்பட்ட, உள்ளங்கையில் அடங்கும் டெரிஞ்சர் வகைக் கைத்துப்பாக்கி; 28 டாலர் விலையிட்ட அது 104 மட்டுமே தயாரானது.

மதிப்பீட்டாளருக்கு இந்த ஜெனிசியோ டெரிஞ்சர் நல்லதொரு பாடம். அது பெருந்தொழிற்சாலையின் நாடளாவிய திட்டமாகத் தோன்றவில்லை. ஓர் ஊர் தன் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பியது, அந்த அளவுக்கு மட்டும் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. தேவை சிறியதாக இருந்ததால் எண்ணிக்கை தானாகவே சிறிதாயிற்று. ஆனால் தொடக்கக் கால வெளியீடுகள் சில மாதங்களில் விற்றுத் தீர்ந்து, கைமாற்றுச் சந்தையில் வெளியீட்டு விலைக்கு மேல் போகத் தொடங்கியதும், வணிகர்கள் கண்டது அந்த அளவடக்கத்தை அன்று, விலையேற்றத்தை மட்டுமே. சில ஆண்டுகளுக்குள் ஊர்களும் கோட்டைகளும் காவல் அதிகாரிகளும் போர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோல்ட் ரிவால்வர்களின் குழல்களில் இடம்பிடித்தன. முதல் உலகப் போரின் நான்கு போர்க்களங்களைக் குறித்து வெளியான பிஸ்டல் வரிசையில் ஒவ்வொரு களத்துக்கும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவை தயாராயின.

வின்செஸ்டர் இக்களத்தில் இறங்கியது 1964-இல். வயோமிங் மாநிலத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டை முன்னிட்டு, கட்டையில் பதக்கம் பதித்த 1,500 கார்பைன்களை, அதாவது குதிரைமேல் இருந்து கையாள ஏற்ற குட்டைக் குழல் துப்பாக்கிகளை, 99.95 டாலர் விலையில் அது வெளியிட்டது. அடிப்படை மாதிரி, ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து 1894-இல் சந்தைக்கு வந்த நெம்புகோல் துப்பாக்கி. விசைக் காப்புடன் இணைந்த நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறிப் புதுத் தோட்டா உள்ளேறும் அமைப்புடையது. மொத்தத்தில் 70 லட்சத்துக்கும் மேல் தயாரான அந்த மாதிரி, மான் வேட்டைக்கு அமெரிக்காவில் மிகப் பரவலாகப் பயன்பட்ட துப்பாக்கிகளுள் ஒன்றாகும்.

1964 என்ற ஆண்டு வின்செஸ்டர் வரலாற்றில் வேறொரு காரணத்தாலும் பிரிகோடாக நிற்கிறது. கூலியும் இயந்திர வேலையும் ஏறிவிட்ட நிலையில் உற்பத்திச் செலவைக் குறைக்க, கடைந்தெடுத்த எஃகுப் பாகங்கள் சிலவற்றுக்குப் பதிலாகத் தகட்டில் அழுத்தித் தட்டிய பாகங்களையும் உள்ளீடற்ற ஊசிகளையும் நிறுவனம் அவ்வாண்டு புகுத்தியது. துப்பாக்கியின் நடு உடலான ரிசீவருக்கும் புதுவகை உலோகக் கலவை பயன்பட்டது. அக்கலவை, எஃகின் மேற்பரப்பைக் கருநீலமாக்கித் துருவைத் தடுக்கும் வழக்கமான நீலமெருகைச் சரியாக ஏற்கவில்லை. அன்றுமுதல் ‘64-க்கு முந்தியது’ என்ற சொல்லே சந்தையில் தரமுத்திரையாகிவிட்டது. ஒரு சாதாரணப் பழைய வேட்டைத் துப்பாக்கி அந்தக் கோட்டுக்கு முன்னே பிறந்ததால் மட்டும் கூடுதல் விலை பெறுகிறது. வின்செஸ்டரின் நினைவு வெளியீடுகள் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கோட்டுக்குப் பின்னே பிறந்தவை. பழம்பெருமையைப் போற்றவென்று செய்யப்பட்ட துப்பாக்கிகள், அந்தப் பெருமைக்குரிய தயாரிப்பு முறை கைவிடப்பட்ட பிறகே உருவாகின என்பது அவற்றின் மதிப்பில் தொடக்கம் முதலே ஒட்டிக்கொண்ட குறை.

1966-இல் நிறுவனத்தின் நூற்றாண்டு வந்தது. ‘சென்டினியல் 66’ என்ற அவ்வெளியீட்டில் எண்கோணக் குழலும், பொன்முலாம் பூசிய ரிசீவரும், சேணத்தில் கட்டுவதற்கான வளையமும் இருந்தன. நூற்றாண்டுத் தலைமையைப் பறைசாற்றும் வாசகமும் 1866–1966 என்ற ஆண்டுகளும் குழலின்மேல் பொறிக்கப்பட்டன. அந்தப் பொன்னிறத்துக்குக் காரணம் உண்டு. 1866-ஆம் ஆண்டு முதல் மாதிரியின் ரிசீவர் செம்புக் கலவையால் வார்க்கப்பட்டு மஞ்சளாக மின்னியதால், அது மேற்குப் பகுதியில் ‘மஞ்சள் பையன்’ என்றே பெயர் பெற்றிருந்தது. நூற்றாண்டு வெளியீடு அதே நிறத்தை மின்முலாத்தால் போலச் செய்தது. விலை 125 டாலர். பழைய தோற்றமும் நியாயமான விலையும் சேர்ந்து அது ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1967-இல் கனடா கூட்டமைப்பின் நூற்றாண்டுக்குச் சுமார் 90,000-உம், 1968-இல் எருமை வேட்டையும் அரங்கக் காட்சிகளும் புகழ்சேர்த்த பஃபலோ பில்லின் பெயரில் மீண்டும் ஒரு லட்சத்துக்கும் மேலும் வெளிவந்தன. கண்டம் கடந்த ரயில்பாதையின் நூற்றாண்டுக்கும், தியோடர் ரூஸ்வெல்ட்டின் நினைவுக்கும் 1969-இல் தனித்தனி வெளியீடுகள் தொடர்ந்தன. இதே காலத்தில் நெப்ராஸ்கா மாநில நூற்றாண்டுக்கு 2,500, ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியதன் நூற்றாண்டுக்கு 1,500 என்ற அளவில் சிறு வெளியீடுகளும் வந்தன. பிற்காலச் சந்தை இந்தச் சிறுவெளியீடுகளைத்தான் தேடியது.

1968-இல் இயற்றப்பட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சந்தையின் அமைப்பையே மாற்றியது. அதுவரை அஞ்சல் வழியாக மாநிலம் விட்டு மாநிலம் எளிதாக வாங்க முடிந்த துப்பாக்கிகள், அதன்பின் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே மாநில எல்லையைக் கடக்க முடிந்தது. அச்சட்டம் 1898-ஆம் ஆண்டுக்குள் தயாரானவற்றைத் தொன்மைப் பொருளாகக் கருதிப் பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கியதோடு, சேகரிப்பாளருக்கெனத் தனி உரிமம் ஒன்றையும் ஏற்படுத்தியது. அரிய பொருளாக ஏற்கப்பட்ட துப்பாக்கிகளை அவ்வுரிமம் பெற்றவர் வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாகத் தருவித்துக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டு நிறைந்த துப்பாக்கி அசல் வடிவில் இருந்தால் தானாகவே அவ்வகைக்குள் வரும், மற்றவற்றை அரசுப் பணியகம் பட்டியலில் சேர்க்க வேண்டும். அப்பட்டியலில் கோல்ட், வின்செஸ்டர் நினைவு வெளியீடுகள் பல இடம்பெற்றன. சட்டத்தால் ஒரு பொருள் எவ்வளவு எளிதாகக் கைமாறுகிறதோ அந்த அளவுக்கு வாங்குவோர் வட்டம் விரிவதால், இவ்வகைப்பாடு மதிப்பீட்டில் இன்றும் கவனிக்கப்படுகிறது.

மதிப்பீட்டு முறையின் வளர்ச்சியும் இக்காலத்தைச் சேர்ந்ததே. அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த நிலைத்தர வரிசை, புதியது, குறையற்றது, சிறந்தது, மிக நன்று, நன்று, சுமார் எனப் படிப்படியாக இறங்குவது. இன்னொரு முறை, தொழிற்சாலையிலிருந்து வந்த மெருகில் நூற்றுக்கு எத்தனை பங்கு எஞ்சியிருக்கிறது என்று கணிப்பது. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் ‘புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்’ போன்ற விலைக்கையேடுகள் இந்த விழுக்காட்டு முறையைப் பரப்பின. வழக்கமான துப்பாக்கிகளுக்கு இக்கையேடுகள் ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு விலை தருகின்றன. நினைவு வெளியீடுகளுக்கோ பெரும்பாலும் ஒரே நிலைதான் கணக்கில் உண்டு: சுடப்படாமல், அசல் பெட்டியிலும் ஆவணங்களோடும் இருக்கும் நிலை. அதிலிருந்து இறங்கிய துப்பாக்கி, அதே மாதிரியின் சாதாரணப் பதிப்பைவிடச் சற்றே அதிக விலைக்கு அல்லது அதே விலைக்குத்தான் போகும்.

ஆகவே நினைவு வெளியீட்டை ஆராயும் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது துப்பாக்கியைவிடப் பெட்டியைத்தான் என்று சொன்னால் மிகையாகாது. வெளிப்புற அட்டை உறை, உள்பெட்டி, வரிசை எண் எழுதிய முனைச்சீட்டு, விசைக் காப்பில் தொங்கும் அட்டை, கையேடு, பதக்கம் அல்லது சான்றிதழ் என ஒவ்வொன்றும் இருக்கிறதா, பெட்டியிலுள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியிலுள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா எனச் சரிபார்த்த பின்னரே கை உலோகத்துக்குப் போகிறது. வேறொரு துப்பாக்கியின் பெட்டியைச் சேர்த்து விற்பது இச்சந்தையில் பழகிய தந்திரம்.

உலோகத்தில் தேடுவது மிக நுண்ணிய தடயங்களை. ரிவால்வரில் தோட்டா அறைகளைக் கொண்ட உருளை சுழலும்போது, அதைப் பூட்டி நிறுத்தும் சிறு கொக்கி அதன் புறப்பரப்பில் உரசி, உருளையைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு கோட்டை வரைந்துவிடும். துப்பாக்கி ஒருமுறைகூடச் சுடப்படாவிட்டாலும், வீட்டுக்கு வந்த விருந்தினர் நான்கு முறை சுழற்றிப் பார்த்திருந்தால் போதும், கோடு விழுந்துவிடும். நெம்புகோல் துப்பாக்கியில் நெம்புகோலை இயக்கினால் பூட்டுத் தண்டின் பக்கங்களிலும் தோட்டாவை ஏந்தும் பாகத்திலும் பளபளத்த தேய்வுக் கீற்றுகள் தோன்றும். பொன்முலாம் இன்னும் மென்மையானது. அது தங்கம் பதித்த வேலைப்பாடு அன்று, மின்சாரத்தால் படிந்த மிக மெல்லிய படலமாதலால், ஒவ்வொரு விடுமுறைக்கும் அன்போடு துடைத்து வைத்த துப்பாக்கியில் ரிசீவரின் விளிம்புகள் வெளிறிப்போயிருக்கும். வெல்வெட் விரித்த மரப்பேழையில் வருடக்கணக்கில் மூடிவைத்த ரிவால்வரில் துணி உறிஞ்சிய ஈரத்தால் துருப்புள்ளிகள் விழுவதும் உண்டு. முலாம் போன பின் மறுபடி மெருகிட்டால் அசல் தன்மை போய்விடுகிறது. வின்செஸ்டரின் அக்காலக் கலவையோ மறுநீலமெருகையும் எளிதில் ஏற்பதில்லை. காட்டினால் குறையும், துடைத்தால் தேயும், மூடிவைத்தால் துருவேறும் என்ற இந்நிலையில், துப்பாக்கி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த ஒன்றைச் செய்யாமலிருப்பதே அதன் மதிப்புக்கான முதல் நிபந்தனையாகிறது.

அசல் தன்மைக்குச் சான்று தருவதில் தொழிற்சாலைப் பதிவேடுகளுக்குத் தனியிடம் உண்டு. கோல்ட் நிறுவனத்தின் ஆவணக்காப்பகம், கேட்ட வரிசை எண்ணுக்கு அத்துப்பாக்கி எப்போது, எந்த மெருகோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கட்டணம் பெற்றுக் கடிதம் தருகிறது. வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் வயோமிங் மாநிலத்து கோடி நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. ‘ஆயிரத்தில் ஒன்று’ போன்ற அரிய வகைகளில் போலிப் பொறிப்புகள் மிகுதி என்பதால், இக்கடிதம் இல்லாத துப்பாக்கியை அறிந்தவர் தொடுவதில்லை. நினைவு வெளியீடுகளில் போலி குறைவு. லட்சம் செய்யப்பட்ட ஒன்றைப் போலி செய்ய யாருக்கும் ஆதாயம் இல்லை என்பதே காரணம்.

நினைவு வெளியீடுகளின் உச்சம், 1979-இல் மறைந்த நடிகர் ஜான் வேனின் பெயரில் 1981-இல் வெளியான வின்செஸ்டர் கார்பைன். வெள்ளீயச் சாயல் கொண்ட முலாம் பூசிய ரிசீவரும், 1939-இல் வெளியான ‘ஸ்டேஜ்கோச்’ திரைப்படத்தில் அவர் ஒற்றைக் கையால் சுழற்றிய துப்பாக்கியை நினைவூட்டும் அகன்ற நெம்புகோல் வளையமும் கொண்ட அது, வழக்கொழிந்துவிட்ட .32-40 என்ற பழைய தோட்டா அளவில் தயாரானது. ஏறத்தாழ 50,000 என்ற எண்ணிக்கையும் 600 டாலர் விலையும் அக்காலத்து எதிர்பார்ப்பின் அளவைக் காட்டுகின்றன. அதே 1981-இல் நியூ ஹேவன் தொழிற்சாலை, வின்செஸ்டரின் உரிமையாளரான ஆலின் நிறுவனத்திடமிருந்து புதிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. அதன்பின் வெளியீடுகள் நிற்கவில்லை. தொழிற்சாலைகளிடமிருந்து சாதாரணத் துப்பாக்கிகளை வாங்கி, முலாமும் பொறிப்பும் இடச்செய்து, தவணை முறையில் அஞ்சல் விளம்பரங்கள் வழியே விற்கும் தனி நிறுவனங்களும் பெருகின. போருக்கு ஒன்று, படைப்பிரிவுக்கு ஒன்று, தளபதிக்கு ஒன்று என்று வந்த இந்த மூன்றாந்தரப்பு வெளியீடுகள், எண்ணிக்கை சிறிதானாலும், மறுவிற்பனையில் வெளியீட்டு விலையை எட்டுவது அரிது. எண்ணிக்கை குறைவாயிருப்பது மட்டும் அருமையாகாது, தேடுவோரும் இருக்க வேண்டும் என்பதை இவை மெய்ப்பித்தன.

மதிப்பீட்டில் பெரும்பாலோர் தவறவிடுவது பணவீக்கக் கணக்கு. 1966-இல் கொடுத்த 125 டாலர், அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2024-இல் சுமார் 1,200 டாலருக்குச் சமம். 1981-இல் கொடுத்த 600 டாலர் ஏறத்தாழ 2,000 டாலருக்குச் சமம். பெட்டி பிரிக்காத ‘சென்டினியல் 66’-உம் ஜான் வேன் கார்பைனும் ஏலங்களில் பெரும்பாலும் இந்த அளவுகளைத் தாண்டுவதில்லை. தாத்தா வாங்கிய விலையைவிட எட்டு மடங்கு கிடைத்தது என்று மகிழ்பவர், உண்மையில் ஐம்பது ஆண்டு பத்திரமாகக் காத்ததற்குக் கூலிகூடப் பெறாமல் முதலின் ஒரு பகுதியை இழந்திருக்கலாம். விலை எது என்பதிலும் தெளிவு தேவை. விற்பவர் கேட்கும் விலை, ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை, வாங்குபவர் ஏலக் கழகத்துக்குச் செலுத்தும் கூடுதல் தரகையும் சேர்த்த விலை, வணிகர் கடையில் வைத்து விற்பதற்காகக் கொடுக்கும் குறைந்த விலை, காப்பீட்டுக்காக எழுதும் மாற்றுமதிப்பு ஆகிய ஐந்தும் ஒரே துப்பாக்கிக்கு ஐந்து வேறு தொகைகள். முடிந்த விற்பனைகளின் விலையை மட்டுமே அடிப்படையாகக் கொள்வது நேர்மையான மதிப்பீட்டின் அடையாளம்.

இவ்வெளியீடுகளின் விலை ஏன் எழவில்லை என்பதற்குப் பொருளியல் விளக்கம் எளிமையானது. ஒரு பொருள் அரிதாவதற்கு அது அழிய வேண்டும். நினைவுத் துப்பாக்கியை வாங்கிய ஒவ்வொருவரும் பிற்காலத்துக்கென்றே பாதுகாத்ததால், திருமணச் சீராக வந்து அலமாரி ஏறிய வெள்ளிப் பாத்திரங்கள் போல, ஏறக்குறைய எல்லாமே புத்தம்புதிதாகத் தங்கிவிட்டன. வாங்கிய தலைமுறை முதுமையடைந்து மறைந்தபோது, ஒரே நிலையில் உள்ள ஒரேவகைத் துப்பாக்கிகள் ஒரே காலத்தில் ஏலத்துக்கு வந்தன. ஜான் வேனையும் பஃபலோ பில்லையும் திரையில் கண்டு வளராத பேரப்பிள்ளைகளுக்கு அவற்றில் பற்று இல்லை. 2006-இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு சாதாரண நெம்புகோல் துப்பாக்கிகளின் விலை உயர்ந்தபோது, நினைவு வெளியீடுகளை வாங்கிப் பெட்டியைப் பிரித்து வேட்டைக்கு எடுத்துச் செல்வோரும் தோன்றினர். பெரிய வெளியீடுகளின் விலைக்கு இப்போது அடித்தளமாக நிற்பது நினைவன்று, வேட்டைப் பயன்பாடே.

இவற்றோடு வரலாற்றுத் துப்பாக்கிகளின் விலையை வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். 1881-இல் பில்லி தி கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக் கொல்ல ஷெரீஃப் பாட் காரெட் பயன்படுத்திய கோல்ட் ரிவால்வர், 2021-இல் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவைத் தேடிச் சென்ற படையை நடத்திய கேப்டன் ஹென்றி லாட்டனுக்கு நண்பர் பரிசளித்த, வரிசை எண் ஒன்று கொண்ட 1886-ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர், 2016-இல் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலர் பெற்றது. காரெட்டின் ரிவால்வரில் பொன்முலாமும் இல்லை, பதக்கமும் இல்லை. தேய்ந்த எஃகும், இடையறாத உரிமைச் சான்றுகளும் மட்டுமே உண்டு.

நினைவு வெளியீடுகள் முழுவதும் மதிப்பற்றவை என்று இதனால் முடிவுகட்டுவதும் சரியன்று. ஜெனிசியோ டெரிஞ்சர், வயோமிங், அலாஸ்கா கார்பைன்கள் போல உண்மையான உள்ளூர்த் தேவையிலிருந்து சிறு எண்ணிக்கையில் பிறந்தவை; கைச்செதுக்கு வேலைப்பாடு கொண்ட உயர்பதிப்புகள்; ஒரே வரிசை எண்ணில் ரைஃபிளும் கார்பைனுமாகச் சேர்ந்து பிரியாமல் வந்த ஜோடிகள்; வெளியீட்டின் முதல் எண்ணைத் தாங்கியவை; உண்மையாகவே புகழ்பெற்ற ஒருவருக்குப் பரிசாகச் சென்று, அதற்கான கடிதத்தோடு இருப்பவை ஆகியன நிலையான விலையைப் பெறுகின்றன. கடைசி வகையில் விலைக்குக் காரணம் வெளியீடு அன்று, அதைக் கையில் பெற்ற மனிதர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இத்துறையின் அறுபதாண்டு வரலாறு தரும் தீர்ப்பு திட்டவட்டமானது. சேகரிப்பு மதிப்பை எந்தத் தொழிற்சாலையும் விற்பனைக்கு முன்னரே உருவாக்கி ஒரு பொருளோடு சேர்த்து விற்க இயலாது. பயன்பாடும் இழப்பும் உரிமைச் சான்றும் தேடுவோர் ஆர்வமும் பல்லாண்டுகளில் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன. பரம்பரையாக வந்த நினைவுத் துப்பாக்கியை விற்க நினைப்பவர், பெட்டியையும் தாள்களையும் பிரிக்காமல், முலாத்தைத் துடைக்காமல், முடிந்த ஏலங்களின் விலையைப் பார்த்துவிட்டு, சட்டப்படி உரிமம் பெற்ற வணிகர் வழியே விற்பதே அறிவுடைமை. புதிதாக ஒன்றை வாங்க நினைப்பவர், அதைப் பிடித்திருப்பதால் வாங்கலாம். முதலீடாகக் கருதி வாங்குவதற்கு வரலாறு இடம் தரவில்லை.